குன்றின் உச்சியில் ஒரு வெப்பமானி

ஜன்னல் திறந்தே இருக்கட்டும், ஐயா. இன்று காற்று நன்றாகத்தான் இருக்கிறது. ஆலைப் புகை மேலே ஏறிக் கலைகிறது, பாருங்கள். இருபத்தாறு வருடம் அந்தப் புகையைப் பார்த்துத்தான் இந்தப் போஸ்னியப் பள்ளத்தாக்குக்குக் காற்று எப்படி இருக்கும் என்று சொல்லி வந்தேன். மருந்துக்கடை வாசலில் நான் பச்சை அட்டை மாட்டச் சொன்னால் நுரையீரல் கெட்ட கிழவர்கள் வெளியே வருவார்கள். சிவப்பு என்றால் வீட்டில் கிடப்பார்கள்.

போன வருடம் மெர்சிஹா எங்கள் அலுவலகத்துக்கு வேலைக்கு வந்தாள். காற்று மாசைக் கணிக்கும் கணினி மாதிரிக்குக் குன்றின் உச்சி வெப்பநிலையும் வேண்டும் என்றாள். பள்ளத்தைவிட உச்சி சூடாக இருந்தால், மூடிய பானைக்குள் போலப் புகை கீழேயே தங்கிவிடும். இதைச் சொல்ல ஒரு பட்டதாரி வேண்டுமா? கண் இல்லாதவர்களுக்குத்தான் கருவி. அவள் வெப்பமானி வைத்த பிறகு பத்துக்கு ஒன்பது கணிப்பு பலித்தது. என்னுடையது பத்துக்கு ஆறுதானாம். யாரோ மெனக்கெட்டு எண்ணியிருக்கிறார்கள். அட்டையின் நிறத்தை அதன்பின் அவளுடைய கணினி மாதிரிதான் சொன்னது.

ஜனவரியில் ஒரு வியாழன் காலை குன்றில் ஏறினேன். பனியில் சமையல் உப்பைக் கலந்தால் இன்னும் சில்லிடும். ஒரு பை நிறையக் கலந்து வெப்பமானியைச் சுற்றி வைத்தேன். உச்சியில் நல்ல வெயில். கீழே புகை அசையாமல் படுத்துக் கிடந்தது. அந்த அருமையான கணினி மாதிரி, உச்சி உறைகிறது, புகை ஏறிக் கலைந்துவிடும் என்று நம்பியது. பச்சை அட்டை தொங்கியது.

நான் இறங்கி வருவதற்குள் சதுக்கத்தில் தரையில் வரைந்த சதுரங்கக் கட்டத்தைச் சுற்றிக் கிழவர்கள் கூடிவிட்டார்கள். காய்கள் இடுப்பு உயரம். ஆடியவர் ரமிஸ், மெர்சிஹாவின் அப்பா, முப்பது வருடம் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர். குதிரையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இருமினார்.

"என்னப்பா, குதிரைய நகர்த்தச் சொன்னா அதுமேல ஏறப் பாக்குற?" என்று ஒருவன் கிண்டலடித்தான்.

"தொண்டை எரியுது பிக்ரெத். வீட்டுக்குப் போயிடட்டுமா?" என்று என்னிடம் கேட்டார்.

"உன் மகளே பச்சைன்னு சொல்லிட்டா. அவ மேல நம்பிக்கை இல்லையா?"

"அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று இன்னொரு ஆட்டம் ஆடினார்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் இறந்தார். தன் கணிப்புதான் அப்பாவைக் கொன்றது என்று மெர்சிஹா வேலையை விட்டாள். நான் தடுக்கவில்லை. தப்புக்குப் பொறுப்பேற்கத் தெரிய வேண்டும்.

வெப்பமானிப் பெட்டியில் உப்புக் கறையைக் கவனித்தது நீங்கள்தானாமே. எங்கள் அலுவலகத்தில் ஒருவனுக்கும் அது தோன்றவில்லை. ஆமாம், வைத்தது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ரமிஸை நிற்க வைத்ததும் நான்தான். கூடவே என் நோட்டையும் சேருங்கள். வியாழன் காலை ஆறரை மணிக்கு, குன்றில் ஏறுவதற்கு முன், 'இன்று காற்று விஷம், யாரும் வெளியே வரக்கூடாது' என்று குறித்திருக்கிறேன். அன்று இந்த ஊரில் சரியாகச் சொன்னவன் நான் ஒருவன்தான்.