சீமை மீட்டரைத் திறந்தது நான்தான்

கோவில்பட்டி வேலாயுதபுரத்தில் குடியிருக்கும் இசக்கிபாண்டி மகன் சுந்தரபாண்டியன், வயது 61, நூற்பாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன் ஆகிய நான், இன்று 12.10.2025 காலை யாரும் அழைக்காமல் நானாகவே நிலையத்துக்கு வந்து, ஆய்வாளர் முன்னிலையில் சொல்வது பின்வருமாறு.

வண்டிப் பட்டறைகளில் சோதனைக்கு வைத்திருந்த பழைய கருவிகளைச் சேர்ப்பது எனக்குப் பதினெட்டு ஆண்டுப் பழக்கம். பேட்டரியில் உயிர் இருக்கிறதா என்று பார்க்கும் கருவி, பிளக்கில் தீப்பொறி வருகிறதா என்று காட்டும் பெட்டி, இன்ஜின் அழுத்தம் பார்க்கும் கம்ப்ரஷன் கேஜ் என்று வீட்டில் நாற்பத்து மூன்று இருக்கின்றன. எதற்கு என்று ஆய்வாளர் கேட்டார். முள் சரியான எண்ணில் போய் நின்றால் எனக்கு மனசு அடங்கும், வேறு காரணம் இல்லை. என் மனைவி உமாதேவி, "கட்டில் போட எடமில்ல, இவியளுக்கு முள்ளு ஆடணுமாம்" என்பாள்.

விளாத்திகுளம் சாலையில் வேன் பட்டறை வைத்திருக்கும் செண்பகராஜ் எனக்கு நெடுநாள் பழக்கம். அவரிடம் பிரேக் பார்க்கும் சீமை மீட்டர் ஒன்று உண்டு. அதை வண்டிக்குள் தரையில் வைத்து, முப்பது வேகத்தில் போய் பிரேக்கை அழுத்தினால், பிரேக் எவ்வளவு பிடிக்கிறது என்று நூற்றுக்கு இத்தனையாக முள் காட்டும். ஐம்பதுக்குக் கீழே என்றால் செண்பகராஜ் வண்டியை வெளியே விடமாட்டார். ஆனால் அந்த மீட்டர் பத்து குறைத்துக் காட்டும். பட்டறையில் எல்லாரும் பத்தைக் கூட்டித்தான் படிப்பார்கள். இது எங்கும் எழுதி வைத்ததில்லை. சரிசெய்து தருகிறேன் என்று நான் பலமுறை கேட்டும், "அது பத்து கொறச்சுச் சொல்லும், நாம பத்து கூட்டிக்கிடுவோம். ரெண்டு பேருக்கும் பழகிப்போச்சு அண்ணாச்சி, தொறக்காதிய" என்று சொல்லிவிட்டார்.

29.9.2025 அன்று ஆயுத பூஜைக்காகப் பட்டறையில் கருவிகளையெல்லாம் துடைத்தார்கள். மீட்டரைத் துடைத்துத் தரும்படி செண்பகராஜ் என்னிடம் கொடுத்தார். துடைக்க மட்டும்தான் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுபோய், இவ்வளவு சாய்த்தால் இந்த எண் காட்ட வேண்டும் என்று குறித்து வைத்திருக்கும் சாய்வுப் பலகையில் வைத்துப் பார்த்தேன். ஐம்பதில் நிற்க வேண்டிய முள் நாற்பதில் நின்றது. அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. நான்கு திருகாணிகளைக் கழற்றித் திறந்து, உள்ளே முள்ளை நகர்த்தும் ஊசலின் அச்சில் ஏறியிருந்த பிசுக்கை எடுத்து, புது எண்ணெய் விட்டு மூடி, மறுபடி பலகையில் வைத்தபோது முள் ஐம்பதில் நின்றது. சந்தோஷத்தில் எனக்கு மதியச் சோறு இறங்கவில்லை.

1.10.2025 பூஜையன்று மீட்டரைப் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டேன். திறந்ததைச் சொன்னால் நல்ல நாளில் செண்பகராஜ் கோபப்படுவார் என்று சொல்லவில்லை. மறுநாள் கருவிகளைக் கையில் எடுப்பதற்குள் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். மறுநாள் காலை புதியம்புத்தூரிலிருந்து போன் வந்தது. மூடிய பட்டறை ஒன்றில் பழைய ஹெட்லைட் சோதனைக் கருவி கிடக்கிறது, வேறு ஆள் கேட்கிறான் என்றார்கள். கிடைத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். அதை வாங்கிவந்து, துருவைச் சுரண்டிக்கொண்டே ஆறு நாள் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். செண்பகராஜுக்கு ஒரு போன் செய்திருக்கலாம். செய்யவில்லை.

8.10.2025 காலை, இசக்கிராஜா என்பவர் ஓட்டும் வேன் அந்தப் பட்டறையில் பிரேக் பார்த்துவிட்டு, விதைப்புக்கு உர மூட்டை ஏற்றிக்கொண்டு விளாத்திகுளம் போனது. வழியில் ஆடுகள் சாலையைக் கடக்கும்போது பிரேக் போதாமல் அவற்றின் மேல் ஏறி, அவற்றை மேய்த்துக்கொண்டு பின்னால் வந்த சாமித்துரை என்ற கீதாரியையும் அடித்துவிட்டது. ஆறு ஆடுகள் செத்தன. சாமித்துரைக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்டது.

செய்தி கேட்டு மறுநாள் பட்டறைக்குப் போனேன். செண்பகராஜ் மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "நாப்பத்தி நாலு காட்டுச்சு அண்ணாச்சி. பத்தக் கூட்டுனா அம்பத்தி நாலுல்லா? முப்பது வருசத்துல ஒருநாளும் இது என்னய ஏமாத்துனதில்லையே" என்றார். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அன்று மாலை, பிரேக் பார்க்காமலே வண்டியை விட்டதாக அவரைக் கைது செய்தார்கள்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். நான் யாரென்று சாமித்துரைக்குத் தெரியாது. பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவன் என்று நினைத்து, "வெளிய மழை பெய்யுதா அண்ணாச்சி? ஆட்ட யாரு அடச்சாகளோ" என்று கேட்டார். பெய்யவில்லை என்றேன். அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து உமாதேவியிடம் சொன்னேன். அவள் திட்டவில்லை. துவைத்த சட்டையை எடுத்துக் கொடுத்து, "விடிஞ்சதும் போங்க" என்றாள்.

செண்பகராஜ் பிரேக் பார்த்தார். எப்போதும் பார்ப்பதுபோலவே பார்த்தார். அவர் சொல்லைத் தட்டி மீட்டரைத் திறந்ததும், திறந்ததை மறைத்ததும் நான். பட்டறையில் இருக்கும் மீட்டரை எடுத்துச் சோதித்துப் பாருங்கள். இப்போது அது சரியாகக் காட்டும்.

நான் சொல்லச் சொல்ல எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். அவ்வளவும் நடந்தது நடந்தபடி இருக்கிறது. இதைப் படிக்கிறவர்கள் இதோடு எதையும் கூட்டிக்கொள்ள வேண்டாம்.

(ஒப்பம்)
இ. சுந்தரபாண்டியன்