கடைசி வீட்டு வெளிச்சம்

பொழுதுபட்டு ஏழு மணி. இணுவிலில் தோட்டங்களுக்கு நடுவே போகும் ஒரு மண் ஒழுங்கை. ஆள் நடமாட்டமே இல்லை. இரண்டு கரையும் தென்னோலை பின்னிய கிடுகு வேலி... காற்றடித்தால் கரகரவென்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

இது என்னோடு படித்த மகாதேவியின் பெரியப்பா சீவரத்தினத்துக்கு நடந்தது. தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. சண்டையால் கறண்ட் நின்று இரண்டு வருசம். ஒழுங்கைக்காரர் சேர்ந்து பழைய லொறி பற்றறிகளை வாங்கி, ஒரு கொட்டிலில் அடுக்கி, ஒன்றோடொன்று தொடுத்து வைத்திருந்தார்கள். தோட்டத்துக்கு இறைக்கும் மண்ணெண்ணெய் எஞ்சின்தான் பகலில் அவற்றைச் சார்ஜ் பண்ணும். இரவில் வீட்டுக்கு ஒரு குட்டி பல்ப். ஒன்பது மணிக்கு நிற்பாட்டிவிட வேண்டும். மண்ணெண்ணெய் விற்ற விலைக்கு அதற்குமேல் கட்டாது.

பற்றறிகளைப் பார்த்துக்கொண்டவன் பஞ்சலிங்கம். வடக்கே கரையோரத்திலிருந்து இடம்பெயர்ந்து தனியாக வந்தவன். படுக்கையும் அந்தக் கொட்டிலில்தான். வேறு போக்கிடம் இல்லை.

ஒழுங்கையின் கடைசி வீட்டில் தனியே இருந்த சிவக்கொழுந்தக்கா செத்துப்போனா. செத்த இடத்தில் வைக்கிற விளக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு வரைக்கும் நூர்ந்து அணையக்கூடாது. எண்ணெய்க்கு எங்கே போவது? விளக்குக்குப் பதிலாக அங்கே பல்ப் எரியட்டும் என்று எல்லாரும் கூடிக் கதைத்து முடிவெடுத்தார்கள். ஆனால் ஒன்பது மணியென்றால் அதற்கும் ஒன்பது மணிதான். அப்படிச் சொன்னது சீவரத்தினம்.

அதன் பிறகுதான் தொடங்கியது. இரவு நிற்பாட்டும்போது மீற்றரில் பாதிக்கு மேலே நிற்கும் முள், விடியப் பார்த்தால் அடியில் கிடக்கும். பஞ்சலிங்கம் ஒளித்து ரேடியோ கேட்கிறான், ஆருக்கோ கள்ளமாக விற்கிறான் என்று கதை எழும்பியது. இன்றைக்குத் தானும் கூட இருக்கப்போவதாகவும், இனியும் முள் இறங்கினால் அவன் வேறு இடம் பார்க்கவேண்டியதுதான் என்றும் சீவரத்தினம் சொன்னார். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

ஒன்பது மணிக்கு நிற்பாட்டினான். சீவரத்தினத்துக்கு அது போதவில்லை. வீடுகளுக்குப் போகும் வயரையே கழற்றச் சொன்னார். கழற்றி நுனியை அவர் கையில் கொடுத்தான். ஜாம் போத்தல் விளக்கை முன்னால் வைத்துவிட்டு இரண்டு பேரும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அசிட் மணம் மூக்கை அரித்தது.

முள் ஒரு கோடு இறங்கியது... பிறகு இன்னொன்று. பற்றறிகளுக்குள் களக் களக்கென்று, உலையில் சோறு கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம். வயர் சீவரத்தினத்தின் கையில்தான் இருந்தது. அது மெல்லச் சுட்டது.

ஒழுங்கைக்கு வந்து பார்த்தார்கள். எல்லா வீடும் இருட்டு. கடைசி வீட்டில் மட்டும் வெளிச்சம். வயர் நீளமென்பதால் அங்கே எப்போதும் மங்கலாகத்தான் எரியும். அன்றைக்கு அப்படியில்லை. கறண்ட் இருந்த காலத்து வெள்ளை வெளிச்சம். வேலியில் ஒவ்வொரு கிடுகும் தனித்தனியாகத் தெரிந்தது.

சீவரத்தினத்துக்குப் படலை வாசலோடு கால் நின்றுவிட்டது. பல்பைப் பார்க்கவென்று அந்த வீட்டுப் பூட்டின் திறப்பு பஞ்சலிங்கத்திடம் இருந்தது. அவன் பூட்டைத் திறந்து உள்ளே போனான். கதவு சாத்துப்பட்டது.

கூப்பிட்டுப் பார்த்தார். விட்டுவிட்டுப் போகவும் மனமில்லை. வேலியோரம் குந்தியிருந்தார். சேவல் கூவும் மட்டும் அந்த வெளிச்சம் ஒருக்காலும் அசையவில்லை.

விடிய, பஞ்சலிங்கம் வெளியே வந்தான். முகத்தில் பயம் இல்லை.

"உந்தளவு வெளிச்சத்திலை விடிய விடிய என்னடாப்பா செய்தனி?" என்று கேட்டார் சீவரத்தினம்.

"வெளிச்சமோ?" அவன் திரும்பி வீட்டைப் பார்த்தான். "உள்ளை கும்மிருட்டு அண்ணை. அதாலைதான் அக்கா என்ரை கையை விடேல்லை."

அவனுடைய வலக்கை, மணிக்கட்டு வரைக்கும், தண்ணீரில் ஊறின மாதிரி வெளிறிப் போயிருந்தது.

நீ கொட்டிலிலேயே இரு, இனி ஒருத்தரும் உன்னை ஒன்றும் சொல்லமாட்டினம் என்றார் சீவரத்தினம். அவன் கொட்டில் திறப்பை அவர் கையில் வைத்தான்.

"இல்லை அண்ணை. அவ இருக்கச் சொன்னவ. என்னை ஆர் இருக்கச் சொன்னது, இவ்வளவு நாளும்?"

திரும்பி உள்ளே போனான். அன்றிரவு பற்றறி இறங்கவில்லை. அதற்குப் பிறகும் இறங்கவில்லை. அவனையும் ஒருவரும் காணவில்லை.

அந்தியேட்டிக்கு வீடு கழுவப் போனபோது, கதவு வெளிப்பக்கம் பூட்டியிருந்தது. உடைத்துத் திறந்தார்கள். உள்ளே ஆள் இல்லை. நிலத்தில் இரண்டு பாய், பக்கத்தில் பக்கத்தில் விரித்தபடி.

சீவரத்தினம் குனிந்து தொட்டுப் பார்த்தார்... இரண்டிலும் சூடு இருந்தது.