ஜெயம்மா வண்டிக்குப் புதுப் பட்டை

— கூட ரெண்டு பட்டை ஏத்தறீங்களே, இன்னா ஆவும் மேஸ்திரி? மொதல்ல அத்தச் சொல்லுங்க.

— இந்தா பாரு ஜெயம்மா, வண்டியத் தாங்கற கமான் பட்டைன்னா வில்லு மாதிரி. அடுக்கு ஏற ஏறக் கெட்டி. உன் ஜீப்பு ஏரிக்குள்ள எறங்கி, கால்வாயத் தாண்டி ஏறுதுல்ல? அடி தட்டாது. பட்டை ஒடையாது.

— கெட்டின்னா, பின்னால தொட்டில குந்திக்கினு வர்றவங்களுக்கு?

— சரக்கு இருந்தா அமுங்கிக்கினு போவும். ஆளுங்கன்னா தூக்கித்தான் போடும். கொஞ்சம் பேஜாருதான்.

— தொட்டில குந்திக்கினு போறவ நானு. எங்க வூட்டுக்காரரு மிலிட்டரில லாரி ஓட்டினவரு, ஸ்டேரிங்கப் புடிச்சிக்கினு "ஒண்ணும் ஆவாது ஜெயம்மா"ம்பாரு. புள்ளத்தாச்சி தலைய மடில வெச்சிக்கினு வந்து பாக்கச் சொல்லுங்க. ஒவ்வொரு பள்ளத்துக்கும் கொடலு வாய்க்கு வருது.

— இந்தா பாரு, அதுக்கும் வழி கீது. தொட்டில நாலு மணல் மூட்டை போட்டுக்கோ. வண்டி அமுங்கும், குலுங்காது.

— அந்தக் கனத்தோட சேத்துல எறங்கினா?

— மழை பேஞ்சிருந்தா... சிக்கும்.

— அப்ப பட்டைய கொறச்சி மெத்துனு போட்டா?

— மதகாண்ட கல்லுல அச்சு இடிக்கும். போன மாசம் மெயின் பட்டை அப்படித்தானே ஒடஞ்சிது?

— அப்பிடித்தான். எங்க காலனி செங்கேணி தொட்டில வலில துடிக்கிறா, வண்டி கால்வாய்ல படுத்துக்கிச்சி. அங்கியே பொறந்துச்சி. சத்தமே வரல மேஸ்திரி. தாயி மட்டும் பொயச்சா.

— கேள்விப்பட்டேன். ரெண்டு நாளு எனக்கும் சோறு எறங்கல.

— இப்ப எங்க மேரிக்கு நாளு நெருங்கிடுச்சி. கூடப் பொறந்தவ. அதுக்குத்தான் வண்டிய இட்டாந்து நிறுத்திக்கினு கீறேன். எந்தப் பட்டை போட்டா அவ கொயந்தையோட உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்கு வந்து சேருவா? அத்தச் சொல்லுங்க, அத்தயே போடறேன்.

— பொய் சொல்ல மாட்டேன் ஜெயம்மா. கெட்டியாவும் இருக்கணும், குலுங்கவும் கூடாதுன்னா அப்படி ஒரு பட்டைய எவனும் அடிக்கல. தாரு ரோடா இருந்தா பழைய அடுக்கே போதும். தூளி மாதிரி போவும்.

— தாரு ரோடுதான் கீதே. பெரிய தெருவுல.

— அந்தப் பேச்ச எடுக்காத. அது தேரு ஓடற தெரு. காலனி வண்டி அதுல போறதில்ல. நேத்து இன்னிக்கு வந்த வழக்கமா?

— சைக்கிள்னா எறங்கித் தள்ளிக்கினு போவச் சொல்றாங்க. எங்க அப்பன் தள்ளினான், எங்க வூட்டுக்காரரு தள்ளினாரு. ஜீப்புக்கு இன்னா பண்றது? புள்ளத்தாச்சிய எறக்கி விட்டுட்டு நாங்க தள்ளணுமா?

— என்னை எதுக்குக் கேக்கற? நானும் அதே தெருவுல குடியிருக்கறவன். பொண்டாட்டி புள்ளையோட.

— செரி, வுடுங்க. இந்த ரெண்டு பட்டையும் எங்க புடிச்சீங்க? இடுக்கெல்லாம் உமியா கீது.

— அது... ரைஸ்மில்லு லாரில இருந்து கழட்டினது. மில்லுக்காரரு, எங்க தெரு தாமோதரன் அய்யா குடுத்தனுப்பினாரு. "பாவம், ஏரிக்குள்ள கஷ்டப்படுதுங்க, கெட்டியாப் போட்டுக் குடு வீரபத்திரா, காசு வாணாம்"னாரு. நல்ல மனசு அவருக்கு.

— நல்ல மனசுதான். தெருவ வுட மனசு வரல. பட்டைய வுட மனசு வந்துச்சி.

— கோச்சிக்காத ஜெயம்மா.

— கோவந்தான் மேஸ்திரி. மறைக்க இன்னா கீது? செங்கேணி புள்ளைய துணில சுத்தி என் கையில குடுத்தாங்களே, அன்னிலேந்து கோவம். நாங்க ஏரியிலயே நல்லா போவணும்னு லாரியக் கயட்டிக் குடுக்கறாரு பாரு, அத்தக் கேட்டதுல இன்னும் கோவம்.

— இப்ப இன்னா பண்ணச் சொல்ற? ஏத்தியாச்சு. யூ போல்ட்ட முடுக்கினா வேலை முடிஞ்சிது.

— கயட்டுங்க.

— இன்னாது?

— இந்த ரெண்டையும் கயட்டுங்க. ஒடஞ்ச மெயின் பட்டைய மட்டும் மாத்திட்டு, முன்ன இருந்த அடுக்கையே மாட்டுங்க. மெத்துனு.

— பைத்தியமா புடிச்சிருக்கு? மதகாண்ட போன ஒடனே மறுபடியும் ஒடையும்!

— மதகாண்ட யாரு போறா?

— ஜெயம்மா... வாணாம். நான் சொல்றதக் கேளு. பெரிய தெருவுல நொழஞ்சா கல்லு எடுப்பாங்க.

— எடுக்கட்டும். வண்டிக்கு முன்னால ஆம்பளைங்க, பின்னால பொம்பளைங்க, காலனி மொத்தமும் நடந்து வரும். எத்தினி கல்லு எடுப்பாங்க? போன மாசம் பயந்தோம், ஒரு கொயந்த போச்சி. மேரிக்கும் பயந்தா நாங்க இன்னாத்துக்கு உசிரோட கீறோம்?

— உன் வூட்டுக்காரரு இதுக்கு ஒத்துக்கினாரா?

— சைக்கிள்லேந்து எறங்கித் தள்ளினவராச்சே. என்ன விட அவருக்குத்தான் அவசரம்.

— ...அந்த ஸ்பேனர எடு, உன் கையாண்ட கீது பாரு. கழட்டறேன். இந்தா பாரு ஜெயம்மா, ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போ. தாமோதரன் அய்யா வந்து கேட்டா, அவரு பட்டைக்கு நான் இன்னா பதிலு சொல்லட்டும்?

— நீங்க ஒண்ணும் சொல்ல வாணாம் மேஸ்திரி. ரெண்டையும் தொட்டில போடுங்க. மேரிய ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போறப்ப, அவரு வூட்டு வாசல்ல வண்டிய நிறுத்தி நானே எறக்கி வெச்சிட்டுப் போறேன்.