சுண்ணாம்பு படாத முடி

குளிக்கிற வெந்நீர் ஆறியிருந்தால் எனக்குக் காலையிலேயே கோபம் வந்துவிடும். இன்று உங்கள் கான்ஸ்டபிள் கொடுத்த தண்ணீரும் அப்படித்தான் இருந்தது. குறையாகச் சொல்லவில்லை, ஐயா. குழாய் மேஸ்திரிக்கு அது தொழில் புத்தி.

ஆம்பூரில் நயீம் அகமது சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்பில் பாய்லர் ஒரு கோடி, சாயம் போடும் கொட்டகை மறு கோடி. நடுவில் தோல் வண்டிகள் போகிற முற்றம். அதனால் வெந்நீர்க் குழாயை மண்ணுக்கடியில்தான் கொண்டுபோக வேண்டும். சூடும் இறங்கக் கூடாது, துருவும் பிடிக்கக் கூடாது. மேலே எதைச் சுற்றுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தேங்காய் நார் ஈரம் குடிக்கும். உமி மட்கிப்போகும். வைக்கோலை எலி விடாது. மாட்டு முடிக்கு நிகர் கிடையாது, அதுவும் எங்கள் ஊரில் குப்பையாகக் கிடக்கிறது.

முதல் தடவை அந்தக் குப்பையைத்தான் சுற்றினேன். உப்புப் போட்ட தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போட்டுச் சுரண்டிய முடி. அதில் இருந்த உப்பு இரும்பைத் தின்றுவிட்டது. அடுத்த மழைக்குள் குழாய் சல்லடை. சாயபு கூலிக்காரப் பெண்களுக்கு முன்னால், "மேஸ்திரி, உனக்கு மாடு மேய்க்கவாச்சும் தெரியுமா?" என்றார். பூவம்மாள் சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், அவ்வளவுதான். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

ஆக, உப்பும் சுண்ணாம்பும் படாத முடி வேண்டும். கிராமத்தில் தானாகச் செத்த மாட்டின் தோல்தான் அப்படி வெயிலில் காய்ந்து வரும். தோலைத் தரம் பிரிக்கிற ஆபித் பாஷா அந்த மாதிரித் தோலை மோந்து பார்த்தே தனியாகத் தள்ளிவிடுவார். திமிரிப் பக்கம் மாடுகள் கும்பலாகச் செத்த வருஷம் அது. கொட்டகைக்குப் பின்னால் பெரிய குவியல்.

"அதத் தொடாத மேஸ்திரி. அடைப்பான் நோவுல செத்த மாடு. ஆளையும் தூக்கிடும். பொதைக்க வெச்சிருக்கேன்."

"நானும் பொதைக்கத்தானே போறேன் பாய். முடிய நல்லா கொதிக்கவெச்சு எடுத்துக்கறேன்."

அவர் சமாதானமாகிப் போய்விட்டார். கொதிக்க வைத்தால் முடி கட்டி தட்டிப்போகும், சூட்டைப் பிடிக்காது. அதனால் வைக்கவில்லை.

முடியைக் கழியால் அடித்துப் பஞ்சாக்கி, குழாய்மேல் அப்பிக் கோணியால் கட்ட வேண்டும். அடிக்கும்போது தூசி பறக்கும். பூவம்மாளையும் அவள் நாத்தனார் மீனாம்பாளையும் அதற்கு விட்டேன். சிரித்ததற்காக அல்ல. அவர்கள் வேலை சுத்தம்.

மீனாம்பாள் மணிக்கட்டில் ஒரு கொப்புளம் வந்து, நடுவில் கரியாகக் கறுத்தது. வலியே இல்லை என்றாள்.

"இன்னா மேஸ்திரி, இந்த முடில ஏதாச்சும் இருக்குதா?" என்று பூவம்மாள் கேட்டாள். "புள்ளக்காரி நானு. பயமா இருக்குது."

கொசுக்கடி என்றேன். மழை மேகம் கட்டியிருந்தது, குழாய்ப் பள்ளத்தில் தண்ணீர் நின்றால் போட்ட முடியெல்லாம் வீண். மீனாம்பாள் செத்தபோது பாதிக் குழாய் பாக்கி. மிச்சத்தைப் பூவம்மாள்தான் மூச்சிரைக்க முடித்துக் கொடுத்தாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. பள்ளத்தை மூடிய வாரமே அவளும் போய்விட்டாள், பின்னாலேயே குழந்தையும். கைக்குழந்தையை அந்தப் பக்கம் கொண்டுவராதே என்று நான் சொல்லியிருந்தேன். கேட்கவில்லை. அதில் எனக்கு வருத்தம்தான்.

குழாய் நன்றாக இருக்கிறது. மறு கோடியில் தண்ணீரில் விரல் வைக்க முடியாது. சாயபு என் தோளில் தட்டிக்கொடுத்தார். நீங்களே தோண்டிப் பாருங்கள், ஒரு பொட்டுத் துரு இருக்காது.

தெரிந்தே கொன்றேன் என்கிறீர்கள். அது அபாண்டம், ஐயா. தூசி பறக்கிற பக்கம் நான் நின்றதே இல்லை; மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு தூரத்திலிருந்துதான் வேலை வாங்கினேன். அந்த முடியை நான் ஒரு தடவைகூடக் கையால் தொட்டதில்லை. ஷாப்பில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.