பவுனுவின் ஈறுகள்

காலையில் பல் தேய்க்க எனக்கே சோம்பல்தான், ஐயா. ஷிப்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் வாயை மட்டும் கொப்பளித்துவிட்டு ஓடிய நாட்கள் உண்டு. ஆனால் பவுனுவுக்கு ஒருநாள்கூட விட்டதில்லை.

பவுனு என் நாய். பென்னலூரில் பலராமன் கட்டி வாடகைக்கு விட்டிருந்த வரிசை வீடுகளில் மூன்றாவது அறை என்னுடையது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து 2012இல் வந்து, இருங்காட்டுக்கோட்டையில் கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் சேர்ந்தேன். தரப் பரிசோதனையில் வேலை. பெயர் தளவாய், அது ஏற்கெனவே உங்கள் தாளில் இருக்கிறது. ஊரில் எனக்கென்று யாரும் இல்லை. ஷிப்டு முடிந்து வரும்போது வாலாட்டிக்கொண்டு எழுந்து நிற்க இந்த ஒரு ஜீவன்தான். அதன்மேல் எனக்கு உயிர். சொல்ல வெட்கமில்லை.

இந்தத் தை மாதம் அதன் வாய் நாறியது. ஸ்ரீபெரும்புதூர் மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். சசிகலா டாக்டர் உதட்டைத் தூக்கிக் காட்டினார். கடைவாய்ப் பல்லில் மஞ்சளாகக் காரை கட்டியிருந்தது. இப்படியே விட்டால் ஈறு அழுகி, கிருமி ரத்தத்தில் கலந்து இதயம்வரை போய்விடும் என்றார். தினமும் தேய்க்கச் சொன்னார். நாம் தேய்க்கும் பேஸ்ட் ஆகாது, நாய்க்கென்று விற்பதை வாங்க வேண்டும். பன், பிஸ்கட் எல்லாம் கூடாது. குழந்தைகள் தேய்க்கும் மெத்தென்ற பிரஷ் போதும்.

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். பேஸ்டுக்காகச் சென்னைவரை போய்வந்தேன். குழந்தைகள் பிரஷ்ஷில் மட்டும் அந்த மஞ்சள் போகவில்லை. எங்கள் லைனில் பாகத்தின் ஓரத்துப் பிசிறை எடுக்க ஒரு நைலான் பிரஷ் வைத்திருப்போம். கைக்கு வாகானது. புதிதாக ஒன்று கேட்டு வாங்கிவந்தேன். நான்கே நாளில் பல் பளிச்சென்று ஆனது. சுவரில் ஒரு செக் ஷீட் ஒட்டி, பல், ஈறு, வாடை என்று கட்டம் போட்டுத் தினமும் டிக் அடித்தேன்.

ஒரு வாரம் கழித்து ஈறில் ரத்தம் வந்தது.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம். பாகத்தில் குறை வந்தால் யாரையும் திட்டுவதில்லை. 'ஏன்' என்று ஐந்து முறை கேட்பார்கள். வந்த பதிலுக்கும் ஏன் என்று கேட்டுக்கொண்டே போனால் மூலகாரணம் கிடைக்கும். அதை நீக்கிவிட்டால் குறை திரும்ப வராது. இதில் நான் பரிசுகூட வாங்கியிருக்கிறேன், ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ்.

ரத்தம் ஏன்? ஈறில் எச்சம் ஒட்டுகிறது. ஏன்? இனிப்பு தின்கிறது. ஏன்? வீட்டுக்காரர் பலராமன் டீயில் பன்னை நனைத்துப் போடுகிறார். ஏன்? அவர் நாள் முழுக்க வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறார். ஏன்? உழுத நிலம் கம்பெனிக்குப் போய்விட்டது.

கடைசிக் காரணத்தை என்னால் சரிசெய்ய முடியாது. அந்த நிலத்தின் மேல்தான் கம்பெனியே நிற்கிறது. நம் கைக்கு எட்டும் காரணத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கைக்கு எட்டும் தூரத்தில் பலராமன் இருந்தார்.

பேசிப் பார்க்காமல் இல்லை. "அண்ணாச்சி, பன்னு போடாதிய. அதுக்குப் பல்லு போயிரும்" என்று மூன்று முறை சொன்னேன். நல்ல மனிதர், கோபித்துக்கொள்ளவில்லை. மூன்றாம் முறை சொன்னபோது பவுனு அவர் நாற்காலிக்குக் கீழே படுத்திருந்தது. அதன் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"அது பன்னுக்கு வர்ல தளவாயி. நீ பிரஷ்ஷ எட்த்தாலே எங்கிட்ட ஓடியாந்துடுது. நான் இன்னா பண்றது, கையில கீறத குடுக்கறேன்."

குறைக்குக் காரணமான ஆள் எப்போதும் பரிசோதிப்பவன் மேல்தான் பழியைத் திருப்புவான். லைனில் தினமும் கேட்பதுதான். அதனால் அவர் சொன்னதை நான் எழுதிக்கொள்ளவில்லை.

மாடியில் அவர் இன்னும் நான்கு அறை எழுப்பிக்கொண்டிருந்தார். காலை ஆறு மணிக்குச் சாரத்தில் ஏறி, புதுச் சுவருக்குத் தண்ணீர் அடிப்பார். அந்தச் செவ்வாய்க்கிழமை அவருக்கு முன்னால் நான் ஏறி, மேல் பலகையைக் கட்டியிருந்த கயிற்றைத் தளர்த்திவிட்டு இறங்கினேன். கொத்தனாரோ சித்தாளோ முதலில் ஏறிவிடக் கூடாதே என்று, அவர் வரும்வரை கீழேயே நின்றேன். பாதுகாப்புதான் எங்களுக்கு முதல் பாடம். பவுனுவை அறைக்குள் விட்டுத் தாழ் போட்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்து, டீ குடித்தாயா என்று கேட்டுவிட்டு ஏறினார். ஆம்புலன்சுக்குப் போன் செய்ததும் நான்தான்.

ஸ்டேஷனிலிருந்து வந்த நீங்கள், பலகை சரிந்து விழுந்த விபத்து என்று எழுதிக்கொண்டீர்கள். பதினாறாம் நாள் காரியத்துக்கு அவர் மனைவி ராஜம்மா என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார். போனேன். இலையில் இரண்டு வடை வைத்தார்கள். பவுனுவுக்கு எடுத்துவரவில்லை.

பன் நின்று பதினாறு நாளாகியும் ரத்தம் நிற்கவில்லை. முன்னைவிட அதிகமாக வந்தது. மறுநாள் டாக்டரிடம் கொண்டுபோய், பன் தின்ற கதையையும் சொன்னேன். எதால் தேய்க்கிறாய் என்று கேட்டார். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதைத் தன் உள்ளங்கையில் ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

"இது இரும்பு தேய்க்கிற பிரஷ்ப்பா. ஈறைக் கிழிச்சு வச்சிருக்க. பன்னு தின்னா இப்படி ஆகாது."

எங்கள் முறையில் கடைசியாக ஒரு கட்டம் உண்டு. எடுத்த நடவடிக்கையால் பலன் இல்லையென்றால் அறிக்கையை மூடக் கூடாது. திரும்பத் திறந்து, உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானாக வந்தேன். மூலகாரணம் பிரஷ். அதைத் தேர்ந்தெடுத்தது நான். அது பெரிய தவறு, மனதார வருந்துகிறேன். பலராமனைக் கொன்றதும் நான்தான். அந்த நடவடிக்கை தேவைப்பட்டிருக்கவில்லை என்று இப்போது தெரிகிறது.

இங்கே வருவதற்கு முன்னால் குழந்தைகள் பிரஷ் ஒன்று வாங்கிக்கொண்டு அறைக்குப் போனேன். தொட்டால் பஞ்சு மாதிரி இருந்தது. அதைக் கையில் எடுத்ததுமே பவுனு எழுந்துபோய், வாசலில் காலியாகக் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலிக்குக் கீழே ஒடுங்கிக்கொண்டது. எவ்வளவோ கூப்பிட்டேன். உடம்பு நடுங்கியதே தவிர, வரவில்லை. அவர் போட்ட பன்னின் ருசி அதற்கு இன்னும் மறக்கவில்லை, ஐயா.