காத்துக்கு எந்தச் சட்டை

— கைய உள்ள விட்டுப் பாரு மஜீதா. முதுகுப் பக்கம், ஜாக்கெட்டுக்கும் உள்சட்டைக்கும் நடுவுல. காத்து ஏறுதா?

— பாம்பன் பாலத்து நடுவுல நின்னுக்கிட்டு, போற வார பஸ்ஸெல்லாம் பாக்க, புருஷன் முதுகுக்குள்ள கை விடணுமா நான்?

— பஸ்ஸுல வாரவன் ரயில் பாலத்தைத்தான் பாப்பான். உன்னைய யாரு பாக்கப் போறா? விடு.

— விட்டாச்சு. நனைஞ்சு கெடக்கு.

— காத்து ஏறுதான்னுல்ல கேட்டேன்.

— வேர்வையில தொப்பலா நனைஞ்சு கெடக்குன்னு சொல்றேன். இதுக்குள்ள எங்குட்டுப் போய்க் காத்தைத் தேட?

— அப்ப ஏறல. மாஃபி முஷ்கில், ஒரு பிரச்சினையும் இல்ல. ரெண்டாம் நம்பர் சட்டை பாஸ்.

— ஒண்ணாம் நம்பரையும் நேத்து பாசுன்னீங்க.

— அது காத்தை நிறுத்துது, இல்லைங்கல. ஆனா பாலித்தீன் பை மாதிரிச் சலசலங்குது, கழுத்துப் பட்டியும் கெடையாது. லடாக்குல கழுத்து வழியா ஒரு தடவை காத்து எறங்குச்சுன்னா நெஞ்சுச் சளிதான். இது உள்ள பஞ்சு மாதிரித் துணி, கழுத்து வரைக்கும் ஜிப்பு. மூணாவதுக்கு முன்பக்கம் மட்டும் காத்துத் தடுக்குற துணி, பின்னாடி வலை. லாஜிக் என்னன்னா...

— தெரியும். காத்து முன்னாடி இருந்துதான் வரும், முதுகு மூச்சு விடணும். வியாழக்கிழமையில இருந்து கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம். நம்ம வேதாளையில எந்தப் பொம்பளையக் கேட்டாலும் மீன் வெலை சொல்லுவா. நான் ஒருத்திதான் மோட்டார் சைக்கிள் ஜாக்கெட்டுக்கு உள்ள என்ன போடணும்னு சொல்லுவேன்.

— நல்லதுதான. நாலு விஷயம் தெரிஞ்சுக்கிட்ட.

— ஏங்க, இது ஆனி மாசத்துக் கச்சான் காத்து. சூடா, உப்பா, மூஞ்சியில பிசுபிசுன்னு ஒட்டுது. அங்கன அடிக்கிறது பனிக்காத்து. இதுல பாஸான சட்டை அதுலயும் பாஸாகும்ங்கிறது எந்த ஊரு கணக்கு?

— காத்துன்னா காத்துதான். வேகத்தைத்தான் பாக்கணும். இந்தப் பாலத்துக் காத்தைத் தாங்குற துணி எங்கயும் தாங்கும்.

— என் பர்தாவும்தான் தாங்குது. அதைப் போட்டுக்கிட்டுப் போங்க.

— கேலி பண்ணு, பண்ணு.

— கேலி பண்ண எனக்கு ஏது நேரம்? மீனாணத்தை அடுப்புல இருந்து பாதிக் கொதியில எறக்கி வச்சுட்டு வந்துருக்கேன். நம்ம மக ஹுமைரா பச்சப்புள்ளைய வச்சுக்கிட்டு ஒத்தையில கெடக்கா. உங்க உம்மா வேற, சாயங்காலம் அசர் தொழுத கையோட இவ தெனம் எங்க கெளம்புறான்னு கேக்குறாங்க. என்னன்னு சொல்ல? உங்க மகன் அம்பத்தஞ்சு வயசுல பனிமலைக்கு வண்டியில போறாரு, உள்சட்டை சரியா இருக்கான்னு தடவிப் பாக்க என்னையக் கூட்டிட்டுப் போறாருன்னா?

— நம்ம மகன் ஃபஹத் மெட்ராஸ்ல இருந்து ஆசையா ஜாக்கெட்டு வாங்கி அனுப்பியிருக்கான்ல. அதுக்கு உள்ள கண்டதைப் போட முடியுமா?

— போலீஸ்காரரு கையக் காட்டுறாரு. பாலத்துல வண்டிய நிப்பாட்டக் கூடாதாம்.

— அது போட்டோ எடுக்குறவங்களுக்கு. நமக்கு இல்ல.

— நம்மளப் பாத்துத்தான் காட்டுறாரு. சரி, அது கெடக்கட்டும். வெள்ளிக்கிழமை கெளம்புறேன்னீங்க. வெள்ளியும் போச்சு, இன்னைக்குச் செவ்வாய்.

— தேதி தள்ளிப் போயிருக்குன்னு சொன்னேன்ல.

— எப்பத்துக்கு?

— ஜாபர் சாதிக் சொல்லுவான். சவூதியில, தம்மாம்ல ஒரே ரூம்ல இருந்தப்பவே எல்லாத்துக்கும் அவன்தான் லீடரு. இப்பவும் அப்படித்தான்.

— போனப் போட்டுக் கேளுங்க. இப்பவே.

— இங்கன டவர் இருக்காது.

— அந்தா, ஒருத்தன் வீடியோ கால்ல யாருக்கோ கடலைக் காட்டிக்கிட்டு நிக்கிறான்.

— அவன் வேற கம்பெனி சிம்மு.

— ரப்பே, எனக்குப் பொறுமையக் குடு.

— கோவமா இருக்கியா?

— இல்லாம? கல்யாணம் முடிஞ்ச மறு மாசம் பிளேன் ஏறுனீங்க. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா விருந்தாளி மாதிரி வருவீங்க, பெட்டியப் பிரிச்சு முடிக்கு முன்னால லீவு முடிஞ்சுரும். புள்ளைகளுக்குப் பேரு வச்சதுகூடப் போன்லதான். இனிமே எங்கயும் போக மாட்டேன், கல்லாஸ்னு சொல்லித்தான வந்தீங்க? இன்னும் ஒரு வருஷம்கூட ஆகல, மறுபடியும் பையத் தூக்குறீங்க. ஒரு மாசமோ ரெண்டு வருஷமோ, வாசல்ல நின்னு வழியனுப்புறவளுக்கு எல்லாம் ஒண்ணுதான்.

— காத்து அடிக்குது.

— அடிக்காம எப்ப இருந்துச்சு? கேளுங்க, வேணாங்குறதைத் திருப்பி எடுத்துட்டுப் போக நாளைக்குக் கூரியர்காரரு வாராரு. ஒண்ணை வச்சுக்கிட்டு ரெண்டைக் குடுங்க. இல்லைன்னா இனிமே இந்த வண்டியில நான் ஏற மாட்டேன். பஞ்சுச் சட்டையா, வலைச் சட்டையா?

— மூணையும் குடுத்துரலாம்.

— அப்பக் குளிருக்கு எதைப் போடுவீங்க?

— குளிரும் இல்ல, ஒண்ணும் இல்ல மஜீதா. ஜாபரும் மத்தவங்களும் போயிட்டாங்க. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிச்சதும் கெளம்பிட்டாங்க. நான்தான் வரலைன்னுட்டேன்.

— ஏன்?

— பையக் கட்டுனேன்ல, ஏர்போர்ட்டுக்குக் கெளம்புற அன்னைக்குக் கட்டுன மாதிரியே இருந்துச்சு. இதுக்கு மேலயும் எதுக்குடான்னு தோணிருச்சு.

— அப்ப இத்தனை நாளா சட்டைய மாத்தி மாத்திப் போட்டு என்னைய இழுத்துக்கிட்டு வந்தது?

— பொறு, சொல்றேன். தம்மாம்ல இருக்குறப்ப தெனம் ராத்திரி போன்ல எவ்வளவு பேசுவ. சிரிப்ப, அழுவ, எங்க உம்மாவைக் கொறை சொல்லுவ. இங்கன வந்த பெறகு சோறு வைக்கவா, டீ போடவா, அம்புட்டுத்தான். எதுத்தாப்புல உக்காந்தா உனக்கும் பேச்சு வரல, எனக்கும் என்ன பேசன்னு தெரியல. வியாழக்கிழமை மொத மொதல்ல சட்டை பாக்கன்னு உன்னைய ஏத்திக்கிட்டு வந்தேன் பாரு, போற வழியெல்லாம் காதுகிட்ட என்னையத் திட்டிக்கிட்டே வந்த. போன்ல கேட்ட அதே குரலு. எனக்கு அது போதும்னு இருந்துச்சு. பயணம் இல்லைன்னு சொல்லிட்டா, நீ வண்டியில ஏற ஒரு காரணம் வேணும்ல? திட்டணும்னா திட்டு. பரவால்ல.

— ஹெல்மெட்டைப் போடுங்க. மஃரிப் தொழுகைக்கு முன்னால வீடு போய்ச் சேரணும்.

— கோவம் இன்னும் போகலையா?

— நீங்க அவங்களோட போகலைன்னு ஜாபர் பொண்டாட்டி சூஃபியா வெள்ளிக்கிழமையே எனக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டா. தெரிஞ்சுதான் தெனமும் ஏறி உக்காந்து வாரேன்.