குடுவையில் இருந்த தம்பி

விசாரிக்க வந்திருக்கிறீர்கள், ஐயா. நான் சொல்வதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. என் மூக்குக்கண்ணாடி மேல் சத்தியம். அது இல்லாமல் எனக்கு நுண்ணோக்கி எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

முனைவர் பட்டத்துக்கு என் ஆய்வுக்கூடத்துக்கு வரும் பிள்ளைகள் ஆளுக்கொரு ஆர்வம் சொல்வார்கள். ஒருவனுக்குக் கல்லீரல், இன்னொருத்திக்குச் சிறுநீரகம். நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த செல்லைக் குடுவையில் போட்டு, வேளாவேளைக்கு ஊட்டி வளர்ப்பார்கள். அது பொசுக்கென்று செத்துப்போகும். கழிவறைக்குள் போய் அழுவார்கள். எனக்கு மனசு கேட்காது.

என்னிடம் பழைய புற்றுச்செல் ஒன்று உண்டு. சாகத் தெரியாத பிறவி. மூடியை இறுக்காமல் விடுமுறைக்குப் போனால், திரும்பும்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். சாகக் கிடக்கும் குடுவைகளில் அதிலிருந்து ஒரு துளி விடுவேன். இருந்ததை நெருக்கித் தள்ளிவிட்டு அதுவே நிறைந்துவிடும். பிள்ளைகள் சிரிப்பார்கள். எந்த ஆர்வத்தோடு வந்தாலும் எல்லோரும் ஆராய்ந்தது அந்த ஒன்றைத்தான். பட்டம் கிடைத்தது. யாருக்கும் நஷ்டமில்லை.

எறும்பு என்று நாங்கள் கூப்பிடும் பெண்ணுக்கு ஆர்வம், தம்பி. அவனுக்குப் புற்றுநோய். அவன் கட்டியின் செல்லைத்தான் வளர்த்தாள். இரண்டு மருந்தில் ஏதாவது ஒன்றைத்தான் அவன் உடம்பு தாங்கும். எது கேட்கும் என்று குடுவையில் போட்டுப் பார்த்துச் சொல்லச் சொல்லியிருந்தார் மருத்துவர்.

ஒரு நாள் பக்கத்து மேசைக் குடுவைகளைப் பார்த்துவிட்டு, "கல்லீரலும் சிறுநீரகமும் ஏன் சார் ஒரே ஜாடையா இருக்கு?" என்றாள். ஒரே வீட்டில் வளர்ந்தால் அப்படித்தான் என்றேன்.

அந்த வாரக் கடைசியில், "ரெண்டு தம்பியையும் ஒரே நேரத்துல பாக்க முடியல சார். ஆஸ்பத்திரில இருக்கறவன்கிட்ட போறேன்" என்றாள்.

"போயிட்டு வாம்மா. இங்க இருக்கறவன் என் பொறுப்பு."

திரும்பி வந்து குடுவையைப் பார்த்தவள், "என்ன சார் ஊட்டுனீங்க, இப்படிக் கொழுத்துட்டான்?" என்றாள். பாசம்தான் என்றேன்.

குடுவையில் என் செல்லைக் கொன்ற மருந்தையே தம்பிக்கு ஏற்றினார்கள். அவன் கட்டி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. போய்ச் சேர்ந்தான்.

எல்லாம் முடிந்து வந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். குடுவையில் கேட்ட மருந்து தம்பிக்கு ஏன் கேட்கவில்லை என்பதுதான் இப்போது அவள் ஆய்வு. வருடக்கணக்கில் விடை தேடிக்கொண்டிருக்கிறாள். தலை நரைத்துவிட்டது. வழிகாட்டி நான்தான், தெம்பு சொல்லி அனுப்புகிறேன்.

அந்தத் துளியை விட்டதும் நான்தான். இரக்கத்தைத் தவிர வேறு காரணமில்லை. விடுவதற்கு முன் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். தம்பியின் செல்கள் நன்றாக வளர்ந்துகொண்டிருந்தன.